அஞ்சடி மூணு இஞ்சு

தம்பி, ஒரு நிமிசம். கையில இங்கிலீஷ் பேப்பர் வச்சிருக்கீங்களே, அதான் கேக்குறேன். இங்கிலீஷ்ல எழுத வரும்ல? எனக்கு ஒரு உதவி செய்யணும். இந்தப் போன்ல நாலே நாலு வரி அடிச்சுத் தரணும். வாட்சப்புதான். நம்பர் இதுலயே இருக்கு. ஆளு பேரு டெக்லன். அயர்லாந்துக்காரரு. என்ன, சிரிப்பு வருதா? ஆண்டிபட்டிக்காரனுக்கு அயர்லாந்துல என்ன சோலின்னுதானே நினைக்கிறீங்க? எனக்கும் அப்படித்தான் இருக்கு.

எம் மக இருக்கா, அவகிட்டச் சொன்னா ஒரு நொடியில எழுதிருவா. எழுத மாட்டேங்குறா. "அப்பா, நீங்க அந்த மனுசனுக்கு ஒண்ணுமே சொல்ல வேணாம், சொன்ன வரைக்கும் போதும்"னுட்டா. அதனாலதான் ரயில்ல போற ஆளைப் பிடிச்சுக் கெஞ்ச வேண்டியிருக்கு.

அடிக்கிறதுக்கு முந்தி நீங்க விசயத்தைத் தெரிஞ்சுக்கணும். நீங்க எங்க இறங்கணும்? போடியா? அப்ப நேரம் இருக்கு. நாங்க ஆண்டிபட்டி. அந்தா சன்னலோரம் முக்காட்டைப் போட்டுச் சாஞ்சிருக்காளே, அது என் வீட்டுக்காரி அங்கம்மா. மதுரையில கண்ணைக் காமிச்சுட்டு வாறோம். மருந்து ஊத்தியிருக்கு, வீடு போற வரைக்கும் கண்ணை மூடியே வச்சிருக்கச் சொல்லியிருக்காங்க. காது மூடாது அவளுக்கு. அதான் கொஞ்சம் மெதுவாப் பேசுறேன்.

என் பேரு ஒச்சப்பன். இதே லைன்ல கீமேனா இருந்தவன். கீமேன்னா, தண்டவாளத்தைக் கட்டையோட பிடிச்சு நிக்கிற இரும்பு ஆப்பு இருக்குல்ல, அதுதான் கீ. தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்து, ஒவ்வொரு கீயாப் பாத்து, தளர்ந்து கிடந்தா சுத்தியலால தட்டி இறுக்கணும். நடக்குறப்பவே ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டே போகணும். அந்த இடைவெளிக்குப் பேருதான் கேஜ். முப்பத்து மூணு வருசம் தம்பி. அளவுக்கம்பி வைக்காமலே, கண்ணால பாத்தே சொல்லிருவேன், இங்க ஒரு நூல் அகண்டிருக்கு, இங்க அரை நூல் குறுகிருக்குன்னு. என் இன்ஸ்பெக்டர் என்னையப் பந்தயம் கட்டிச் சோதிச்சுப் பாத்திருக்காரு. தோத்துட்டுத்தான் போனாரு.

இந்த லைனு அப்ப மீட்டர் கேஜ். சின்ன வண்டி. அகலமாக்குறதுக்குப் பிரிச்சாங்கல்ல, ரெண்டே வருசத்துல பெரிய வண்டி வந்துரும்னு ஊருக்குள்ள பேசிக்கிட்டோம். பன்னெண்டு வருசம் ஆச்சு. பிரிச்ச தண்டவாளத்தை லாரியில ஏத்துறப்ப நானும் ஒரு கை பிடிச்சேன். சரி, அது எதுக்கு இப்ப.

எம் மக சுகப்பிரியா நர்சு. அயர்லாந்துல, கடல் பக்கத்து மாவட்டம் ஒண்ணுல ஒரு சின்ன ஊரு, அங்க ஒரு முதியோர் இல்லத்துல வேலை. புள்ளைப்பேறுக்கு அம்மாவை வரச் சொன்னா. நான் கூட ஒட்டிக்கிட்டுப் போனவன், பெட்டிக்குக் கட்டுன கயிறு மாதிரி. மூணு மாச விசா. போன அன்னையில இருந்து மழை. நச நசன்னு, விடவும் விடாது, நல்லாப் பெய்யவும் பெய்யாது. வீட்டுல எனக்கு ஒரு வேலை கிடையாது. புள்ளையத் தூக்கப் போனா, "அப்பா, நீங்க சும்மா இருந்தாலே பெரிய உதவி"ம்பா. சும்மா இருந்தேன். அதைக் கடைசி வரைக்கும் இருந்திருக்கணும்.

போயி ஒரு பத்து நாளு இருக்கும். கொல்லைப் பக்கம் நின்னு மேகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன். திடீர்னு பக்கத்துல டீசல் இஞ்சின் ஹாரன். முப்பத்து மூணு வருசம் அந்தச் சத்தத்தைக் கேட்டா தண்டவாளத்தை விட்டு எட்டிக் குதிச்சவன் தம்பி. ரோசாச்செடி மேல குதிச்சுட்டேன். கையெல்லாம் கீறல். என்னடான்னு பாத்தா, பக்கத்து வீட்டுச் சன்னலுக்குள்ள ரயிலு ஓடுது. இத்துணூண்டு ரயிலு. கறுப்பும் ஆரஞ்சுமா பெட்டிங்க. ஒரு பெரியவரு பக்கத்துல நிக்குறாரு, ஒரு அம்மா நாற்காலியில உக்காந்திருக்கு. அவரு நான் குதிச்சதைப் பாத்துட்டாரு. சிரிக்காம, உள்ள வாங்கன்னு கையைக் காட்டுனாரு. அவருதான் டெக்லன். போஸ்ட்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. அந்த அம்மா அவரு சம்சாரம், நோரீன்.

அந்த ரூமைச் சொல்லணும். கட்டிலுகிட்டில் ஒண்ணு இல்ல. சுத்திச் சுவரோரமா பலகை. பலகை மேல ரயில் லைனு, ஸ்டேசன், பிளாட்பாரம், ஓரத்துல ரோட்டைக் கடக்குற இடத்துல ஒரு கேட்டு வீடு, வெள்ளைப் பெயின்ட் அடிச்ச கேட்டு. அந்த ஊருக்குள்ள முன்னாடி போயிக்கிட்டு இருந்த நிஜ லைனாம். நிப்பாட்டி அம்பது வருசமாகப் போகுது. அலமாரியத் திறந்தா அடுக்கடுக்கா இஞ்சினும் பெட்டியும். ஒவ்வொண்ணும் அது வந்த அட்டைப்பெட்டியோட, அட்டைப்பெட்டியக்கூட கசங்க விட மாட்டாரு. எல்லாம் அயர்லாந்து ரயிலு மட்டும்தான். வேற தேசத்து ரயிலு ஒண்ணு கிடையாது. கொஞ்சமாத்தான் செய்வாங்களாம், ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே சொல்லி வைக்கணுமாம். இன்னொரு சுவரு பூராம் பேப்பர்ல வந்த செய்தி, வெட்டி வெட்டி ஒட்டியிருக்கு. 'லைனைத் திறக்கப் போறாங்க', 'இப்ப இல்ல', 'கமிட்டி வரப் போகுது', 'கமிட்டி வந்துட்டுப் போச்சு'. சுகா படிச்சுச் சொன்னா. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. நம்ம போடி லைனு பேப்பரைக் கொண்டு போயி ஒட்டுனாலும் அந்தச் சுவத்துல வித்தியாசம் தெரியாது.

அவருக்கும் எனக்கும் பாசை கிடையாது. எனக்குத் தெரிஞ்சது 'குட்', 'நோ குட்', 'ஓக்கே'. ஆனா ரயிலு, கேட்டு, சிக்னலு, கேஜு இதெல்லாம் ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தைதானே. அதை வச்சே ஒரு மாசம் ஓட்டுனோம். என் சொந்த மச்சினனோட அம்புட்டு ஒத்துமையா இருந்ததில்ல.

இப்ப அந்த அம்மா விசயத்துக்கு வாறேன். நோரீனுக்கு நினைப்பு தப்பிப் போச்சு. புருசனையே சில நேரம் யாருன்னு கேக்கும். சின்ன வயசுல அந்த அம்மா இருந்தது அந்தக் கேட்டு வீட்டுலதான். தாயாரு கேட்கீப்பரு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாலு மணி வண்டிக்குக் கேட்டைச் சாத்துறது இந்தப் பொண்ணு வேலை. எல்லாம் மறந்துருச்சு, இது மட்டும் மறக்கல. நாலு மணி நெருங்குச்சுன்னா போதும், நாற்காலியில இருப்புக் கொள்ளாது. "கேட்டு, கேட்டு"ன்னு கையைப் பிசையும். ரோட்டுல சனம் வந்துரும், வண்டி அடிச்சுரும்னு பயம். அதுக்குத்தான் டெக்லன் மாடியில இருந்த ரயிலு பூராத்தையும் கீழ இறக்கி வச்சிருக்காரு.

நாலு மணிக்கு அவரு அந்த வெள்ளைக் கேட்டைச் சாத்துவாரு. ஹாரன் கொடுத்து வண்டி வரும். கேட்டைத் தாண்டும். அந்த அம்மா ஒவ்வொரு பெட்டியா எண்ணும். கடைசிப் பெட்டி போனதும் கேட்டைத் திறப்பாரு. அந்த அம்மா ஒரு பெருமூச்சு விடும் பாருங்க, ஊரே பிழைச்சுக்கிட்ட மாதிரி. அப்பத்தான் தட்டுல உள்ள ரொட்டியக் கையில எடுக்கும். அதுக்கு முந்தி ஊட்டுனாலும் வாய் திறக்காது. ராத்திரித் தூக்கமும் அதுலதான். ஒரு நாளு வண்டி ஓடலைன்னா அந்த வீட்டுல சோறும் இல்ல தூக்கமும் இல்ல. இதை சுகா எனக்குத் தெளிவாத்தான் சொன்னா. சொல்லலைன்னு நான் சொல்ல மாட்டேன்.

நானும் தினம் நாலு மணிக்குப் போயிருவேன். அங்கம்மாவோட பச்சை ஜாக்கெட் துணி ஒண்ணை எடுத்துக் குச்சியில கட்டி, வண்டி வர்றப்ப முறையாக் கொடி காட்டுவேன். மூணாம் நாளு நோரீன் அம்மா என்னையப் பாத்துத் தலையை ஆட்டுச்சு. ரயில்வேக்காரனை ரயில்வேக்காரிக்குத் தெரியும்ல. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் ரிட்டயர்மென்ட் மாலையில கூட இல்ல.

உசிலம்பட்டி வந்துருச்சா? கூட்டம் ஏறும், பையைக் கொஞ்சம் இங்கிட்டு வச்சுக்கங்க.

எங்க விட்டேன்? கொடி. அந்தக் கொடி காட்டுறப்பத்தான் குனிஞ்சு பாத்தேன். பெட்டி அகலமா இருக்கு, சக்கரம் உள்ளாற ஒடுங்கி இருக்கு. பெரிய மனுசன் சின்னப்புள்ள செருப்பை மாட்டிக்கிட்டு நடக்குற மாதிரி. என்னமோ இடிச்சுச்சு. மறுநாளே சுகாவோட இஞ்சு டேப்பை எடுத்துக்கிட்டு ஊருக்கு வெளிய அந்த நிஜ லைனுக்குப் போனேன். தண்டவாளம் இன்னமும் கிடக்கு, முள்ளுச்செடி மூடிப்போயி. விலக்கி அளந்தா, அஞ்சடி மூணு இஞ்சு. நம்ம பெரிய வண்டிக்கு அஞ்சரை அடி. அவங்களது மூணு இஞ்சு கம்மி. உலகத்துலயே ரெண்டு மூணு தேசத்துலதான் அந்த அளவு இருக்காம்.

இப்ப டெக்லன் கணக்குல நிஜ ரயிலோட ஒரு அடின்னா அந்தக் குட்டி ரயில்ல நாலு மில்லிமீட்டர். அவரே காகிதத்துல போட்டுக் காட்டுனாரு. அப்ப அஞ்சேகால் அடிக்கு இருபத்தொரு மில்லிமீட்டர் வரணுமா வேணாமா? டேப்பை வச்சேன். பதினாறரை! நாலரை மில்லிமீட்டர் குறைச்சல். நிஜ அளவுல சொன்னா ஒரு அடிக்கு மேல கம்மி, தம்பி. ஒரு அடி! நாங்க கால் இஞ்சு போனாலே சிவப்புக் கொடியப் பிடிச்சுக்கிட்டு ஓடுறவங்க.

சொன்னேன். சொல்லாம எப்படி இருக்குறது? "டெக்லன், கேஜ் நோ குட்"டுன்னேன். அவரு சிரிச்சாரு. தெரியும் தெரியும்னு தலையை ஆட்டுனாரு. சுகா கேட்டுச் சொன்னா: கடையில கிடைக்கிற தண்டவாளமே அந்த அளவுதானாம். அது வேற தேசத்து ரயிலுக்குச் செஞ்ச அளவாம். அயர்லாந்து ரயிலு சேக்குறவங்க எல்லாருமே அதுலதான் ஓட்டுறாங்களாம். எல்லாருக்கும் தெரியுமாம், யாரும் குனிஞ்சு பாக்குறதில்லையாம். "அது அவங்களுக்குள்ள ஒரு சம்மதம்ப்பா, விடுங்க"ன்னா. சம்மதமாம்! கேஜுல என்ன சம்மதம்? கேஜுன்னா கேஜு.

அதுக்கப்புறம் நான் ஒண்ணும் பெருசாச் சொல்லல. வண்டி போறப்ப குனிஞ்சு பாப்பேன், கையை இப்படி ஒடுக்கிக் காட்டுவேன். 'த்சு'ன்னு ஒரு சத்தம் வந்துரும் வாயில, அது பழக்கம். ஒரு வாரம், பத்து நாளு இருக்கும். டெக்லன் சிரிக்கிறதை விட்டாரு. வண்டி போறப்ப அவரும் குனிஞ்சு பாக்க ஆரம்பிச்சாரு. அங்கம்மா ஒரு நாளு, "ஏங்க, ஓடுற வண்டிக்கு எதுக்கு நொட்டை சொல்றீங்க"ன்னா. உனக்கு என்னடி தெரியும்னேன்.

அந்தச் சமயத்துல பாத்துத்தான் செய்தி வருது. நிஜ லைனைத் திறக்கப் போறாங்களாம். முதல் பக்கத்துலயே போட்டிருந்துச்சு. டெக்லன் பேப்பரைத் தூக்கிக்கிட்டு மழையில செருப்பில்லாம எங்க வீட்டுக்கு ஓடி வந்தாரு. என்னையக் கட்டிப் பிடிச்சாரு. அம்பது வருசம் காத்துக் கிடந்த மனுசன். லைனுக்காகப் போராடுன சங்கத்துக்காரங்க எல்லாம் கிறிஸ்துமசுக்கு முந்தி இவரு வீட்டுக்கு வந்து ரயிலைப் பாக்கப் போறதா ஏற்பாடு. அன்னைக்குச் சாயங்காலம் அவரு அந்த லைனையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் என்னையப் பாத்து, விரலை அகட்டிக் காமிச்சு, "ட்வென்டி ஒன்"னாரு. இருபத்தொண்ணு.

நான் பிரிக்கச் சொல்லல தம்பி. அதை நல்லாக் குறிச்சுக்கங்க. அவராத்தான் சொன்னாரு. ஆனா முதல் தண்டவாளத்தை நெம்பி எடுத்தது நான்தான். வேலை தெரிஞ்சவன் பக்கத்துல இருக்குறப்ப அவரு எதுக்குக் குனியணும்?

ரெண்டு வாரத்துல முடிச்சுரலாம்னு விரலைக் காமிச்சாரு. நானும் ஓக்கேன்னேன்.

அதுக்குத் தண்டவாளம் கடையில கிடையாதுல்ல. ஒவ்வொரு கட்டையா ஒட்டி, ஒவ்வொரு கம்பியா வச்சு, கையாலதான் போடணும். அவரு பித்தளையில ஒரு அளவுக்கட்டை செஞ்சாரு, நகத்தளவு. அதை வச்சு நான் சரி பாப்பேன். தப்பா இருந்தா பிரின்னுருவேன். ஒரு நாளைக்கு ஒரு சாண் போட்டா அதிகம். அப்புறம் பாத்தா சக்கரமும் ஒடுங்கின சக்கரம். எல்லாப் பெட்டிக்கும் அச்சை நீளமாக்கணும். இஞ்சினுக்கு அது லேசுல முடியாதாம், சாமான் எங்கேயோ இருந்து வரணுமாம். ஆக, பழைய லைனும் இல்ல, புதுசும் இல்ல, ஓட்டுறதுக்கு வண்டியும் இல்ல.

முதல் நாளு நாலு மணிக்கு டெக்லன் கேட்டைச் சாத்திட்டு, ஒரு பெட்டியக் கையால பலகை மேல தள்ளுனாரு. வாயால ஹாரன் அடிச்சாரு. நானும் கொடி காட்டுனேன். அந்த அம்மா மொட்டைப் பலகையவே பாத்துச்சு. அப்புறம் ரொம்ப நிதானமா ஒரு வார்த்தை சொல்லுச்சு. சுகா அன்னைக்கு அங்க இருந்தா. என்னன்னேன். "லைனைப் பிரிச்சுட்டாங்க, இனிமே வண்டி வராது"ன்னு சொல்லுச்சாம். அன்னைக்குச் சாப்பிடல. மறுநாளும் சாப்பிடல. ஆனா நாலு மணிப் பயம் மட்டும் போகல தம்பி. வண்டி வராதுன்னும் தெரியுது, கேட்டைச் சாத்தணும்னும் துடிக்குது. அந்த ரெண்டும் ஒரு ஆளுக்குள்ள எப்படி இருக்கும்னு எனக்கு விளங்கல.

ராத்திரி பகலா நானே உக்காந்து போட்டுரலாமான்னு பாத்தேன். என் கை சம்மட்டி பிடிச்ச கை, அந்தக் கம்பி மயிரு மாதிரி இருக்கு. பிடிச்சா வளையுது. நான் போட்டது எல்லாம் டெக்லன் பிரிச்சுப் போட வேண்டியதா இருந்துச்சு. பழைய தண்டவாளத்தையே திரும்ப ஒட்டிரலாம்னு சுகா சத்தம் போட்டா. நெம்பி எடுத்ததுல பாதி வளைஞ்சு போச்சு. நெம்புனவன் யாருன்னு அவ கேக்கல.

ஒம்பதாம் நாளு. டெக்லன் பின்பக்கம் பசை எடுக்கப் போயிருந்தாரு. நான் குனிஞ்சு அளவு பாத்துக்கிட்டு இருக்கேன். நிமிந்து பாக்குறேன், நாற்காலி காலி. வாசக்கதவு திறந்து கிடக்கு. நானும் டெக்லனும் ஓடுறோம். தெருக்கோடியில அந்தப் பழைய கேட்டு இருந்த இடம் இப்ப காரு போற ரோடு. அந்த அம்மா நடுரோட்டுல, மழையில, ரெண்டு கையையும் இப்படி அகல விரிச்சுக்கிட்டு நிக்குது. கேட்டு இல்லைன்னதும் தானே கேட்டா நின்னுருச்சு. ரெண்டு பக்கமும் காருங்க வரிசையா நிக்குது. ஒருத்தன் ஹாரன் அடிக்கல தம்பி. அதை மட்டும் அந்த ஊருக்காரங்களுக்கு நான் எப்பவும் சொல்லுவேன். டெக்லன் பக்கத்துல போயி என்னமோ கெஞ்சுறாரு, கையை இறக்க மாட்டேங்குது. நான் என் பச்சைத் துணியை எடுத்து ஆட்டுனேன். வண்டி போயிருச்சும்மான்னு தமிழ்லயே சொன்னேன். என்னையப் பாத்துச்சு. தலையை ஆட்டல. எந்த வண்டிடான்னு கேக்குற மாதிரி பாத்துச்சு.

மறு வாரம் அவங்க மகன் டப்ளின்ல இருந்து வந்தாரு. இனிமே வீட்டுல வச்சுப் பாக்க முடியாதுன்னு சொல்லி, சுகா வேலை பாக்குற இல்லத்துலயே கொண்டு போயிச் சேத்தாரு. டெக்லன் காருல ஏத்துறப்ப அந்த அம்மாவோட கம்பளிச் சட்டைப் பொத்தானை மட்டும் ஒண்ணொண்ணாப் போட்டு விட்டாரு. அன்னைக்குத்தான் சுகா என்கிட்ட, "அப்பா, இனிமே அந்த வீட்டுக்குப் போகாதீங்க"ன்னா.

போனேன். எப்படிப் போகாம இருக்குறது? பாதி வேலையில விட்டுட்டு வர முடியுமா? தினமும் போவேன். அவரு கம்பி வைப்பாரு, நான் அளவு பாப்பேன். 'குட்'டும்பேன். நாலு மணி ஆச்சுன்னா அவரு கோட்டை மாட்டிக்கிட்டு இல்லத்துக்குப் போயிருவாரு. அங்க அந்த அம்மா கதவுகிட்டயே நிக்குமாம். சுகா லீவுல இருந்தாலும் கூட வேலை பாக்குறவங்ககிட்டக் கேட்டு அங்கம்மாகிட்டச் சொல்லுவா, என் காதுல விழுற மாதிரி.

விசா முடிஞ்சுச்சு. கிளம்புற அன்னைக்குப் பத்து முழம் லைனு ஆகியிருந்துச்சு. அளவுக்கட்டைய ஒரு முனையில இருந்து மறு முனைக்கு ஓட்டிப் பாத்தேன். ஒரு நூல் பிசகல. முப்பத்து மூணு வருசத்துல அப்படி ஒரு லைனை நான் பாத்ததில்ல தம்பி, உள்ளதைச் சொல்றேன். டெக்லன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ நீளமாச் சொன்னாரு. 'கேஜ்'ங்குறது மட்டும் புரிஞ்சுச்சு. சுகா பக்கத்துல இல்ல. நன்றின்னு சொன்னாரோ, நாசமாப் போன்னு சொன்னாரோ, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நான் ஓக்கேன்னுட்டு வந்துட்டேன்.

கணவாய் வந்துருச்சு. இந்த மலைக்குள்ள போறப்ப சிக்னல் போயிரும். வீடியோ போன்லயே இருக்கு, காட்டுறேன் இருங்க. ஊருக்கு வந்து நாலு மாசம் ஆச்சு, போன ஞாயித்துக்கிழமை வந்துச்சு. டெக்லன்தான் அனுப்பியிருக்காரு. கீழ ஒரு எழுத்து இல்ல. வெறும் வீடியோ.

பாருங்க. லைனு பூராம் முடிச்சுட்டாரு! சங்கத்துக்காரங்க வரல, அந்தச் செய்தியே திரும்ப கமிட்டிக்குப் போயிருச்சாம், நம்மளுக்குத் தெரியாததா. ஆனா இவரு முடிச்சுட்டாரு. சக்கரத்தைப் பாருங்க, பெட்டிக்குக் கீழ எப்படி உக்காந்திருக்கு பாருங்க. இதுதான் அஞ்சடி மூணு இஞ்சு. இது வந்த அன்னையில இருந்து நான் இதை ஒரு நாப்பது அம்பது தடவை பாத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைத்தான் பாத்தேன்.

அங்கம்மா ஒரே ஒரு தடவைதான் பாத்தா. பாத்துட்டு, "ஏங்க, கேட்டு திறந்து கிடக்கே"ன்னா.

இந்தா, இந்த இடம். நிப்பாட்டுங்க. வெள்ளையாத் தெரியுதுல்ல? ரோட்டுப் பக்கம் திறந்தே கிடக்கு, வண்டி பாட்டுக்குப் போகுது. டெக்லன் சாத்தல. மறந்துட்டாரோ, சாத்தத் தோணலையோ. பின்னாடி நாற்காலி காலி. அந்த அம்மா இப்ப நாலு மணிக்கு ஒண்ணும் கேக்குறதில்லையாம். கதவுகிட்டப் போறதில்லையாம். கொடுத்ததைச் சாப்பிட்டுட்டு உக்காந்திருக்காம். கேட்டும் மறந்து போச்சு. சுகா போன்ல சொன்னப்ப, அதுவும் ஒரு வகையில நல்லதுதானேன்னு கேட்டேன். அவ போனை வச்சுட்டா.

அதான் தம்பி, நாலு வரி எழுதணும். அவரு வீடியோ அனுப்பி நாலு நாளு ஆச்சு, நான் பதிலு போடல. நான் பாத்தது அவருக்குத் தெரியும், அதுல நீலக் கோடு விழுந்துருமாமே. அங்க போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு, ஒத்தையில.

எழுதுங்க. 'டெக்லன், கேஜ் குட்.' அம்புட்டுத்தான் முதல்ல. எழுதிட்டீங்களா? அடுத்து, கேட்டைச் சாத்துங்கன்னு எழுதுங்க. வேணாம். அதை அழிச்சுருங்க. யாருக்காகச் சாத்துவாரு? அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்கன்னு போடலாமா? அதுவும் வேணாம், நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது. 'சாரி'ன்னு ஒரு வார்த்தை இருக்குல்ல, அது போட்டா என்ன நினைப்பாரு? எதுக்குச் சாரி? கேஜு தப்பாத்தானே இருந்துச்சு? நான் உள்ளதைத்தானே சொன்னேன்? நீங்களே சொல்லுங்க தம்பி, பதினாறரையை இருபத்தொண்ணுன்னு சொல்ல முடியுமா?

என்னம்மா? முழிச்சுத்தான் இருக்கியா. கண்ணைத் திறக்காத, திறக்காத. என்ன எழுதச் சொல்ற?

கேட்டீங்களா தம்பி. "பழைய தண்டவாளமே நல்லாத்தான் இருந்துச்சுன்னு எழுதச் சொல்லுங்க"ங்குறா.

அது எப்படி எழுதுறது? முப்பத்து மூணு வருசம் கீமேனா இருந்தவன் கையெழுத்துல அது எப்படிப் போகும்? ஒரு அடிக்கு மேல கம்மி. நான் என் கையாலயே அளந்தேன்.

அவ ஒண்ணு சொன்னா அப்புறம் இப்படித்தான் மூஞ்சியத் திருப்பிக்குவா. ஆண்டிபட்டி அவுட்டர் வந்துருச்சு, வண்டி மெதுவாகுது பாருங்க. ஏந்திரும்மா, என் கையைப் பிடிச்சுக்க. தம்பி, அவ சொன்னதை அடிச்சுட்டீங்களா? இங்கிலீஷ்ல எம்புட்டுச் சின்னதா இருக்கு. சிக்னல் வந்துருச்சா?

அனுப்பிராதீங்க. இருங்க. இன்னொரு தடவை படிச்சுக் காட்டுங்க.